வாழ வந்த ஊருக்கு நாம் என்ன உறவு?



கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க. இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்லை. ஊர் பத்தி.

"டாக்டர், எப்பப் பார்த்தாலும் லிவர்பூல் லிவர்பூல்னு சொந்த ஊர் மாதிரியே எழுதுறீங்களே, நம்ம ஊர் மறந்துபோச்சா?" மாதத்துக்கு ஒருத்தராவது இன்பாக்ஸில் வந்து கேட்கிறார்.

மறக்கலைங்க. தாமிரபரணி தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்பு. இன்னைக்கும் கனவு வந்தால் நெல்லை ஜங்ஷன்தான் வரும். ஆனால் சோறு போடுறது லிவர்பூல். இரண்டையும் ஒண்ணுக்கு எதிரா ஒண்ணா நிறுத்த வேண்டியதே இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிழைக்க வந்த ஊரை லாட்ஜ் ரூம் மாதிரி பயன்படுத்தக் கூடாது. அந்த ஊரின் நல்லது கெட்டது இரண்டிலும் நமக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை எடுத்துக்க ஒரு வாசல் வேணும். அந்த ஊர் உயிரை விடுகிற விளையாட்டு அணி அப்படி ஒரு வாசல்.

எப்படின்னு சொல்றேன்.

முதல்ல ஊரைப் பத்தி கொஞ்சம்.

லிவர்பூல்காரன் ஆம்பளையைப் பார்த்தால் 'லா' என்பான். 'லேட்' என்ற சொல்லின் குறுக்கம். நம்ம தம்பி, பையன் மாதிரி. "ஆல்ரைட், லா?" என்று பஸ் ஸ்டாப்பில் ஒருத்தர் கேட்டால் திருநெல்வேலிக்காரன் காதில் எப்படி விழும்? "என்னலே, நல்லாருக்கியா?" இரண்டுக்கும் மொழித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்து 'லே' மாதிரியே ஒண்ணு காதில் விழுந்தால் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்யும்.

பெண்களை 'குயின்' என்று கூப்பிடுகிற பழக்கமும் உண்டு. 80 வயசுப் பாட்டியை வார்டு பாய் "வா குயின், எக்ஸ்ரே எடுக்கப் போலாம்" என்று சக்கர நாற்காலியில் தள்ளிக்கிட்டுப் போவான். நம்ம ஊர் 'தாயி' மாதிரிதான்.

நோயாளி "ஐயம் மேட் அப், டாக்டர்" என்று சொன்னால் எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று அர்த்தம். "காட் எ காப் ஆன்" என்றால் ஆள் கடுப்பில் இருக்கிறார், கொஞ்ச நேரம் கழிச்சுப் போங்க.

இந்த ஊர்க்காரர்களுக்கு 'ஸ்கவுஸர்' என்று பெயர். ஸ்கவுஸ் என்பது கறியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்க வைக்கிற ஒரு குழம்பு. கப்பல்காரர்களின் சாப்பாடு. கறி வாங்கக் காசு இல்லாத வீட்டில் காய் மட்டும் போட்டு வைப்பார்கள், அதுக்கு 'குருட்டு ஸ்கவுஸ்'. குழம்பின் பெயரையே ஊர்க்காரனுக்கு வச்சுட்டாங்க. நெல்லைக்காரங்களை எல்லாம் 'சொதி'ன்னு கூப்பிடுற மாதிரி யோசிச்சுப் பாருங்க.

ஆற்றங்கரையில் 1911-ல் கட்டின ராயல் லிவர் கட்டடத்தின் உச்சியில் இரண்டு பெரிய பறவைச் சிலைகள். ஒண்ணு கடலைப் பார்க்கும், ஒண்ணு ஊரைப் பார்க்கும். கப்பல் பத்திரமா வருதான்னு ஒண்ணு பார்க்குதாம். சாராயக்கடை திறந்தாச்சான்னு இன்னொண்ணு பார்க்குதாம். இரண்டும் பறந்து போயிட்டா ஊரே அழிஞ்சிடும் என்று ஒரு நம்பிக்கை.

வீட்டுக் குப்பைத் தொட்டி ஊதா நிறம். சிவப்பு வச்சால் எவர்ட்டன்காரன் சண்டைக்கு வருவான், நீலம் வச்சால் லிவர்பூல்காரன் வருவான், அதனால ரெண்டையும் கலந்துட்டாங்க என்று ஊரில் கதை சொல்வார்கள். ஆட்டுக்குட்டி தலையும் வாழைப்பழ வாலுமாக 'சூப்பர்லாம்பனானா' என்று மஞ்சளா ஒரு சிலை வேற. 1998-ல் ஒரு ஜப்பானியக் கலைஞர் வடிவமைத்தது. ஏன் ஆட்டுக்குட்டி, ஏன் வாழைப்பழம்னு கேட்டால் மரபணு மாற்ற உணவைக் கிண்டல் பண்ணதுன்னு சொல்றாங்க. ஊர் அதைச் செல்லப்பிள்ளையாவே வளர்க்குது.

ஹோப் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. ஒரு முனைக்கு அருகில் கத்தோலிக்கப் பேராலயம், இன்னொரு முனைக்கு அருகில் ஆங்கிலிக்கன் பேராலயம். ஆங்கிலிக்கன் ஆலயத்தை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் ஒரு கத்தோலிக்கர். இது போதும், ஊரின் குணம் புரிய.

சரி, எல்லாமே பெருமையா? இல்லை.

18-ம் நூற்றாண்டில் அடிமை வணிகத்தில் பிரிட்டனிலேயே முதலிடத்துக்கு வந்த துறைமுகம் இது. அந்தப் பணத்தில் எழுந்த தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அதற்காக நகராட்சி மன்றம் 1999-ல் மன்னிப்புத் தீர்மானம் போட்டது. 2007-ல் கப்பல்துறையிலேயே அடிமை முறை பற்றிய அருங்காட்சியகம் திறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய் இதுதான் நம்ம ஊர் செய்தது என்று காட்டினார்கள். ஒரு ஊரை நேசிப்பதில் இதுவும் அடக்கம் என்று நினைக்கிறேன்.

மருத்துவனா எனக்குப் பிடிச்ச லிவர்பூல் கதை ஒண்ணு.

கிட்டி வில்கின்சன். 1786-ல் பிறந்து, சின்னப் பிள்ளையாக அயர்லாந்தின் டெர்ரியிலிருந்து இங்கே வந்தவர். ஏழை. 1832-ல் ஊரில் காலரா. அவர் இருந்த பகுதியில் வெந்நீர் கொதிக்க வைக்கிற பாய்லர் அவர் வீட்டில்தான் இருந்தது. அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு, நோயாளிகளின் துணியையும் படுக்கையையும் குளோரைடு சுண்ணாம்பு போட்டுத் துவைத்துக்கொள்ளச் சொன்னார்.

காலரா கிருமி எப்படிப் பரவுகிறது என்று மருத்துவர்களுக்கே தெரியாத காலம் அது. அந்த அம்மா செய்ததோ தொற்றுநீக்கம்! அவரின் முயற்சியால் 1842-ல் ஏழைகளுக்கான பொதுச் சலவைக்கூடம் இங்கே திறந்தது. 1847-ல் பிரிட்டனின் முதல் நகரச் சுகாதார அதிகாரி, டாக்டர் வில்லியம் டங்கன், நியமிக்கப்பட்டதும் இதே ஊரில்தான். சிகந்தராபாத்தில் 1897-ல் கொசு வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், பிறகு இங்கே வந்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பாடம் எடுத்தார். 1902-ல் நோபல் பரிசு வாங்கியபோது அவர் லிவர்பூல்காரர்.

கிட்டிக்கு இந்த ஊரின் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் 2012-ல் சிலை வைத்தார்கள். ஆண்களின் சிலையாகவே இருந்த அந்த மண்டபத்தில் முதல் பெண் சிலை. வந்தேறி ஒருத்தி. துணி துவைக்கிற வேலை செய்தவள். நான் இந்த ஊருக்கு வந்த டாக்டர்களிடம் முதலில் சொல்கிற கதை இதுதான்.

இப்போ விளையாட்டுக்கு வருவோம்.

உலகத்துக்குத் தெரிந்தது லிவர்பூல் கிளப். சிவப்பு. நம்ம ஊர்ப் பசங்களும் அந்த ஜெர்சிதான் போடுவாங்க. ஆனால் இந்த ஊரின் மூத்த கிளப் எவர்ட்டன், நீலம். 1878-ல் ஒரு தேவாலயத்தின் பையன்கள் ஆரம்பித்தது. இன்னைக்கு லிவர்பூலின் கோட்டையாக இருக்கிற ஆன்ஃபீல்ட் மைதானத்தில் 1884 முதல் 1892 வரை ஆடியது எவர்ட்டன்தான்! மைதானத்துக்காரரோடு வாடகைத் தகராறு. எவர்ட்டன் மூட்டை கட்டிக்கிட்டு பூங்காவுக்கு அந்தப் பக்கம் போய் குடிசன் பார்க் கட்டியது. காலி மைதானத்தை என்ன செய்யறதுன்னு அவர் ஆரம்பிச்ச கிளப்தான் லிவர்பூல்.

ஆக, இந்த ஊரின் பெரிய பகையே வீட்டு ஓனர் வாடகைதாரர் சண்டையில் பிறந்தது.

நான் நீலம். காரணம் எளிது. நான் வாடகைக்கு வந்த முதல் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெரியவர் நீலம். ரிட்டயர்டு கப்பல்துறைத் தொழிலாளி. ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டி, "டிக்கெட் ஒண்ணு கூடுதலா இருக்கு, வர்றியா லா?" என்றார்.

போனேன். மேட்சுக்கு முன்னாடி ஒரு இளம்பெண் பழங்கால உடையில் மைதானத்தைச் சுத்தி வந்து கூட்டத்துக்கு மிட்டாய் வீசினாள். எவர்ட்டனுக்கு 'டாஃபி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கோயிலில் வாழைப்பழம் சூறை விடுகிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கை தானா மேலே போச்சு.

நண்பர்கள் கேட்பார்கள், "ஏன்யா, கோப்பையா அடுக்குற டீமை விட்டுட்டு இதையா பிடிச்சே?" எவர்ட்டன் கடைசியா லீக் ஜெயித்தது 1987. கடைசிப் பெரிய கோப்பை 1995. 2023 மே 28 அன்று, சீசனின் கடைசி மேட்சில் ஜெயிக்கலைன்னா கீழ் டிவிஷனுக்குப் போயிருக்கும். ஒன்றுக்கு சைபர் என்று தப்பித்தது. அன்று நான் என் பல்ஸைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது.

ஜெயிக்கிற டீமை உலகத்தில் எங்கே இருந்தும் பிடிக்கலாம், மக்களே. அதற்கு அந்த ஊரில் வாழத் தேவையில்லை. தோற்றுவிட்டு மழையில் நனைந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் "அடுத்த வாரம் பார்ப்போம் லா" என்பான் பாருங்க, அது அங்கே இருந்தவனுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

133 வருஷம் ஆடிய குடிசன் பார்க்கில் எவர்ட்டன் ஆண்கள் அணியின் கடைசி மேட்ச் 2025 மே 18. அந்த மைதானத்தின் ஒரு மூலையில் கேலரிகளுக்கு நடுவே ஒரு தேவாலயமே நிற்கிறது. ஆடுகளத்தின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தி புதைக்கப்பட்டிருக்கிறது. ஆண்கள் அணி கப்பல்துறையில் கட்டிய புது மைதானத்துக்குப் போய்விட்டது. அஸ்தி இருக்கிற இடத்தை இடிச்சுட்டா என்ன ஆகும் என்று பல குடும்பங்கள் தவிச்சாங்க. இப்போது பெண்கள் அணியின் மைதானமாக அது தொடர்கிறது. நல்ல முடிவு.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

எதிர்வீட்டுப் பெரியவர் தன் வீட்டுக்குள் 'தி சன்' பேப்பரை விடமாட்டார். ஊரில் பல கடைகளில் அது கிடைக்காது. 35 வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான். என்ன காரணம்?

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் கோப்பை அரையிறுதி. வெளியே நெரிசல். போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டது. ஆட்கள் ஒரு சுரங்கப்பாதை வழியாக, ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பி வேலி போட்ட அடைப்புக்குள் போனார்கள். 97 பேர் இறந்தார்கள். மிகச் சிறியவனுக்கு வயது 10. 97-வது ஆள், அன்று அடைந்த மூளைப் பாதிப்போடு 32 வருஷம் வாழ்ந்து 2021-ல் இறந்தவர்.

இந்த மாதிரி நெரிசலில் பெரும்பாலும் ஆட்கள் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் சாகிறார்கள். மூச்சை உள்ளே இழுக்க மார்புக்கூடு விரியணும். நாலு பக்கமும் உடம்புகள் அழுத்தும்போது விரிய இடமில்லை. சில நிமிஷத்தில் மயக்கம், பிறகு இதயம் நிற்கும். பின்னாலிருந்து வருகிறவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது.

நாலு நாள் கழித்து அந்தப் பேப்பர், ரசிகர்கள் செத்தவர்களின் பாக்கெட்டில் திருடினார்கள் என்று 'உண்மை' என்ற தலைப்பில் முதல் பக்கத்தில் போட்டது. பொய். இறந்தவர்களின் ரத்தத்தில், குழந்தைகள் உட்பட, மது அளவு சோதிக்கப்பட்டது. இதைப் படித்த அன்று ஒரு மருத்துவனாக எனக்குத் தூக்கம் வரவில்லை. பிணத்தின் மேல் பழி போட நம் தொழிலின் ஊசி பயன்பட்டிருக்கிறது.

2012-ல் சுயாதீனக் குழு எல்லா ஆவணங்களையும் வெளியே கொண்டுவந்தது. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் 41 பேர் வரை பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றார் அந்தக் குழுவின் மருத்துவர். 2016-ல் ஜூரி சொன்னது: இது விபத்து அல்ல, சட்டவிரோதமாக நேர்ந்த மரணம். ரசிகர்கள் மேல் தப்பு இல்லை. அந்த ஒரு வரிக்காகக் குடும்பங்கள் 27 வருஷம் அலைந்தன.

அந்த 27 வருஷமும் ஊர் அவர்கள் கூட நின்றது. சிவப்பு மட்டும் இல்லை, நீலமும். துயரம் நடந்த அடுத்த வாரம் ஆன்ஃபீல்டில் தொடங்கி பூங்காவைத் தாண்டி குடிசன் வரை இரண்டு நிற ஸ்கார்ஃபுகளை முடிச்சுப் போட்டு ஒரு மைல் நீளத்துக்குக் கட்டினார்கள். பெரியவர் பேப்பரைத் தொடாததும் இதனால்தான். இறந்தவர்கள் 'எதிரி' டீம்காரர்கள். ஆனால் அவர் ஊர்க்காரர்கள்.

எனக்கு இந்த ஊர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் கோப்பைக் கொண்டாட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டத்தில் 41 பேர். இரண்டு முறையும் நம் டைம்லைனில் முதலில் வந்த கேள்வி "இவங்க ஏன் போனாங்க?" யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் செத்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற அந்த முதல் கேள்வியை மட்டும் நாம் கேட்காமல் இருக்கலாம்.

சரி, நாம் ஊரின் துக்கத்தை எடுத்துக்கிட்டால், ஊர் நம்மை எடுத்துக்குமா?

2024 ஆகஸ்ட் முதல் வாரம். அதற்குச் சில நாள் முன்பு, ஜூலை கடைசியில், பக்கத்து ஊரான சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டிருந்தார்கள். குத்தியவன் அகதி என்று ஒரு பொய் பரவி, நாடு முழுக்கக் கலவரம். லிவர்பூலிலும் நடந்தது, மறைக்கமாட்டேன். குடிசன் மைதானத்திலிருந்து சிறிது தூரத்தில் ஸ்பெல்லோ நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். எங்கள் டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் "ராத்திரி தனியா வெளியே போகாதீங்க" என்று செய்தி. தோல் நிறத்தை முதல்முறையாக உணர்ந்த வாரம்.

அதே வாரத்தில், வார்டில் கூட வேலை செய்கிற ஒரு ஸ்கவுஸர் அக்கா, தன் வீட்டுக்காரரைக் காரோடு வரச்சொல்லி, நைட் டியூட்டி முடித்த இரண்டு கேரள நர்ஸ்களை வீடுவரை கொண்டுபோய் விட்டார். ஒரு நாள் இல்லை, வாரம் முழுக்க. ஆகஸ்ட் 7 அன்று அகதிகள் உதவி மையத்தைத் தாக்க வருகிறார்கள் என்று செய்தி பரவியதும், நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்கள் அதன் முன்னால் போய் நின்றார்கள். எரிந்த நூலகத்துக்கு 500 பவுண்டு சேர்த்தால் போதும் என்று ஒரு பெண் தொடங்கிய நிதி 2 லட்சம் பவுண்டைத் தாண்டியது. டிசம்பரில் நூலகம் மறுபடி திறந்தது.

தீ வைத்தவனும் இந்த ஊரில் இருக்கான். திரும்பக் கட்டியவனும் இந்த ஊரில் இருக்கான். நான் யார் பக்கம் நிற்கிறேன் என்பதுதான் ஊரோடு எனக்கு இருக்கிற உறவு.

இப்போ கொஞ்சம் டாக்டராகப் பேசிக்கிறேன்.

ஊர் மாறி வந்த பலரைப் பார்க்கிறேன். வேலை, வீடு, வாட்ஸ்அப். வேற எதுவும் இல்லை. 10 வருஷம் ஆகியும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. "ரெண்டு வருஷத்துல போயிடுவோம் டாக்டர்" என்று 12 வருஷமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் இல்லை, உடம்பு வலி, எல்லா டெஸ்ட்டும் நார்மல். தனிமை ஸ்கேனில் தெரியாது. இங்கே என்ஹெச்எஸ்-ல் 'சோஷியல் பிரிஸ்க்ரைபிங்' என்று ஒரு ஏற்பாடே இருக்கு. மாத்திரைக்குப் பதிலாகவோ கூடவோ, தோட்டக் குழு, பாட்டுக் குழு, நடைக் குழு என்று ஆளைச் சேர்த்துவிடுவார்கள்.

அதனால் என் சீட்டு இது. நீங்கள் வாழ வந்த ஊரில், அந்த ஊர் எதற்குக் கத்துகிறதோ அதைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். கால்பந்தோ, கிரிக்கெட்டோ, கபடியோ. விளையாட்டு பிடிக்காதா, பரவாயில்லை. இங்கே சிவப்பும் நீலமும் சேர்ந்து 2015-ல் ஆரம்பித்த உணவு வங்கி இயக்கம் ஒண்ணு இருக்கு. மேட்ச் நாளில் மைதானத்துக்கு வெளியே அரிசியும் பருப்பும் டின் உணவும் வாங்குவார்கள். பசிக்கு ஜெர்சி நிறம் இல்லை என்பது அவர்கள் கொள்கை. அந்த மாதிரி எங்காவது மாதம் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். மனச்சோர்வு பெரிசா இருந்தால் டாக்டரையும் பாருங்கள், இது அதற்கு மாற்று இல்லை.

கடைசியாக, ஊரில் இருக்கிற சொந்தங்களுக்கு ஒண்ணு.

திருப்பூர் பனியன் கம்பெனியில், கோவை ஃபவுண்டரியில், சென்னைக் கட்டட வேலையில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள் இருக்கிறார்கள். லிவர்பூலில் நான் யாரோ, திருப்பூரில் அவன் அதே. என்னை 'லா' என்று கூப்பிட்டு ஒரு டிக்கெட் நீட்டின மாதிரி அவனை யார் கூப்பிடுகிறோம்? சேப்பாக்கத்துக்கு மஞ்சள் சட்டை போட்டு வருகிற கூட்டத்தில் அவனும் ஒருத்தனாக இருந்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்? "வடக்கன்" என்ற ஒற்றைச் சொல்லில் அவன் கதையை முடித்துவிடுகிறோம். எனக்கும் இங்கே அப்படி ஒரு சொல் தயாராகத்தான் இருக்கு. அதைச் சொல்லாமல் விட்டவர்களால்தான் நான் இங்கே வாழ்கிறேன்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு தம்பி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்கக் கூப்பிடுங்கள். டீ மட்டும் போதும்.

நீங்கள் வாழ வந்த ஊர் எது, அது உங்களை எப்படி ஏத்துக்கிட்டது? கீழே எழுதுங்க, நைட் டியூட்டி இடைவேளையில் எல்லாத்தையும் படிக்கிறேன்.